தீராத புகார்

“ஜூன் 9. இன்று வேலை அவசரத்தில் ஒரு சிறு பிழை செய்துவிட்டேன்.” மாலை வகுப்பில் உட்கார்ந்து நாட்குறிப்பில் அவ்வளவுதான் எழுத முடிந்தது அவளுக்கு.

நகராட்சியில், தீர்ந்த புகார்களின் குரல்பதிவுகளை மூன்று ஆண்டு கழித்து அழிப்பது அவள் வேலை. தீராத புகாரின் பதிவை யாரும் தொடக்கூடாது. அந்த விதியை நம்பித்தான், இறந்துபோன அப்பாவின் தெருவிளக்குப் புகாரை, விளக்கைச் சரிசெய்து ஐந்தாண்டு ஆகியும் ‘தீரவில்லை’ என்றே வைத்திருந்தாள். அவர் குரல் வேறெங்கும் இல்லை. இன்று வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் மற்றவற்றோடு அதையும் ‘தீர்ந்தது’ என்று போட்டு அழித்துவிட்டாள்.

மீட்க வழியுண்டா என்று கேட்க, வகுப்பு முடிந்ததும் அலுவலகத்துக்கே திரும்பினாள். புகார்த் தொலைபேசியை எடுக்கும் சக ஊழியரான அக்கா சிரித்தாள்.

“வாடி படிப்பாளி! அஞ்சு மணிக்கு யாரோ பெரியவர் கூப்பிட்டாரு. ‘விளக்கு இன்னும் எரியலயே, எங்க பாப்பா இருக்காளா’ன்னாரு.”

“நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“உன்னத்தான் கேக்குறாருன்னு, கிளாஸுக்குப் போயிருக்கான்னேன். ‘படிக்கட்டும், படிக்கட்டும், கூப்பிடாதீங்க’ன்னு வச்சிட்டாரு.”

அந்த அழைப்பின் பதிவைப் போட்டுக் கேட்டாள். அக்காவின் குரல் மட்டும் இருந்தது. நடுநடுவே, ஒருவர் நிதானமாகப் பேசி முடிக்கும் அளவுக்கு மௌனம்.

அக்காவின் மேசையிலேயே குனிந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினாள்: “நாளை வகுப்புக்குப் போக வேண்டாம். மாலை ஐந்து மணியிலிருந்து புகார்த் தொலைபேசியை நானே எடுக்க வேண்டும்.”