போயிட்டு வாரேன்

மணலோடைப் பேரூராட்சித் தலைவி செண்பகவல்லிக்கு அந்த உத்தரவைப் படித்ததும் தலை சுற்றியது. பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டிருந்தவளிடம், இன்னும் நாலு வகுப்பறை கட்டச் சொல்லியிருந்தார்கள்.

நேரே பேருந்து நிலையத்துக்குப் போனாள். வட்டாரத் திட்டக் குழுமம் நட்டுவைத்த பேசும் கம்பம் அங்கேதான் நிற்கிறது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று கவனித்து, ஊரில் எதைக் கட்டலாம், எதை மூடலாம் என்று தீர்மானிப்பது அதுதான்.

"ஊரே காலியாகிட்டு இருக்கு. நீ யாருக்குய்யா வகுப்பு கட்டுத?"

"போனவங்களுக்குத்தான். பஸ் ஏறும்போது எல்லாரும் 'போயிட்டு வாரேன்'னுதானே சொன்னாங்க? ஒருத்தர்கூட 'போறேன்'னு சொல்லலையே."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது சும்மா வாய்ப்பழக்கம் என்று சொல்ல வாயெடுத்தவள், சொன்னால் இருக்கிற பள்ளிக்கூடமும் போய்விடுமே என்று நிறுத்திக்கொண்டாள்.

"வருவாங்கதானே?" என்று கேட்டது கம்பம்.

பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். அங்கேயே நின்றபடி, பெங்களூருக்குக் குடிபோன மகள் மங்கைக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, அன்னைக்கு போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனியே, நெசமாத்தான் சொன்னியா? அதை நம்பி இங்க ஒருத்தன் பள்ளிக்கூடம் கட்டுதான்."

மறுமுனையில் மங்கை மெல்லக் கேட்டாள்:

"புள்ளையை ஒண்ணாம் வகுப்புல எப்பம்மா சேக்கணும்?"