கூடுதலாக ஒரு ஸ்பூன்

"சித்தி, நீ சமைச்சா மட்டும் ஏன் எனக்கு வாந்தி வருது?"

ஆறு வயதுப் பையன் கள்ளங்கபடம் இல்லாமல்தான் கேட்டான். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. சாப்பாட்டு மேசையில் அவனுடைய அத்தையும் உட்கார்ந்திருந்தாள்.

அத்தை தட்டை ஓரமாகத் தள்ளினாள். "நான் கேட்டா பொல்லாப்பு. இப்ப குழந்தையே கேட்டுட்டான். பதில் சொல்லும்மா."

சித்தி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். தாயில்லாப் பிள்ளைக்குத் தாயாக அவள் இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் சமைக்கத் தொடங்கிய முதல் நாள் காலையிலிருந்துதான் பையனுக்கு உதடு வீங்குவதும், உடம்பு தடிப்பதும், தின்றதெல்லாம் வெளியே வருவதும்.

"அக்கா, அவளை ஒண்ணும் சொல்லாதே," என்றான் பையனின் அப்பா. "எனக்கு அவ மேல நம்பிக்கை இருக்கு."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளைத் தள்ளினாள். சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று பேச்சுப் பரவியிருந்தது; மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் முகத்தைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை.

முதல் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். இரண்டாவது டாக்டர் பையனை ஏறெடுத்தும் பார்க்காமல் நாற்பது பொருளுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். பால், முட்டை, கோதுமை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பையன் எலும்பும் தோலுமாக ஆனான்; வாந்தி மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் அவளே நாலு பேரிடம் விசாரித்து, ஒவ்வாமைக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தாள். "ஒரு வாரத்துக்குப் பையன் வாயில போறது எல்லாத்தையும் எழுதுங்க. அப்புறம் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே பையனோட வாங்க," என்று சொல்லியிருந்தார் அவர்.

அடுத்த வாரம் மூவரும் போனபோது, டாக்டரம்மா அவள் எழுதிய நோட்டை வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"ஏம்மா, கஞ்சிக்கும் பொடி, குழம்புக்கும் பொடின்னு எழுதியிருக்கீங்களே. அது என்ன பொடி?"

"முந்திரிப் பொடி, டாக்டர். வறுத்து அரைச்சு வெச்சிருக்கேன். பையன் ஒல்லியா இருந்தானா, கொஞ்சம் சதை போடட்டுமேன்னு எல்லாத்திலயும் ஒரு ஸ்பூன். இன்னும் இளைச்சான். அதனால ரெண்டு ஸ்பூன் ஆக்கினேன்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். நாற்பது பொருள் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தார். அதில் முந்திரி இல்லை.

பையனின் முன்கையில் முந்திரிச் சாறு ஒரு சொட்டு வைத்து, ஊசி முனையால் லேசாகத் தொட்டார். கால் மணி நேரத்தில் அந்த இடம் நாணயம் அளவுக்குத் தடித்துச் சிவந்தது.

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு," என்றான் பையன். "பெரிய கொசு."

சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அப்ப எல்லாரும் சொன்னது சரிதானே டாக்டர். என் கையாலதானே குடுத்தேன்."

"பாசமா குடுத்தீங்க. தெரியாம நடந்தது. இனிமே தெரியும், குடுக்க மாட்டீங்க. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லம்மா." டாக்டரம்மா தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இது பல நேரம் குடும்பத்திலயே ஓடும். உங்களுக்கு ஏதாவது ஒத்துக்காதா?"

"எனக்கு ஒண்ணும் கிடையாது டாக்டர். முந்திரி தின்னா நாக்கு அரிக்கும், தொண்டையை அடைக்கும். அது எல்லாருக்கும் அப்படித்தானே?"

"எல்லாருக்கும் அப்படின்னா கடையில யாருங்க வாங்குவாங்க?" என்று சிரித்தார் டாக்டரம்மா. "அதான் உங்க வீட்டுல முன்னாடி முந்திரியே வாங்கலை. பையனுக்கு இருக்கிறதும் தெரியாமலே போச்சு."

"ஐயோ," என்றாள் சித்தி. "என்னங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? விடிஞ்சதும் அச்சகத்துக்கு ஓடறீங்களேன்னு உங்க டப்பாவிலயும் தினம் ரெண்டு ஸ்பூன் போட்டேனே."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "எத்தனை நாளா?"

"நான் வந்ததிலேருந்து டாக்டர். ராத்திரி அவருக்கு ரொட்டியும் பாலும்தான். பகல் சாப்பாடு முழுக்க அந்த டப்பாதான்."

"நாலு மாசமாவா?" டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "அப்ப உங்களுக்கு ஒரு நாள்கூடவா நாக்கு அரிக்கலை?"

அவன் குனிந்து பையனின் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தான்.

அவள் ஒரு கணம் கணவனின் குனிந்த தலையைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்:

"இவருக்கு வேலை ஜாஸ்தி டாக்டர். முக்கால்வாசி நாள் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டு வந்துடுவார்."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். அவன் மட்டும் தலை நிமிரவே இல்லை. ஏனென்றால் இந்த நான்கு மாதத்தில் அந்த டப்பா ஒரு நாளும் சாப்பாட்டோடு வீடு திரும்பியதில்லை. சாயங்காலம் சாயங்காலம் பளபளவென்று கழுவித் துடைத்துத்தான் அவள் கையில் கொடுத்திருக்கிறான்.

மறுநாள் மதியம், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து, கடவுளை நினைத்துக்கொண்டு, முந்திரி போடாமல் அவள் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்தான். பையனுக்கு முதல் வாந்தி வந்த நாளிலிருந்து அச்சகத்துக் குப்பைத் தொட்டிக்கே போய்க்கொண்டிருந்த அவளுடைய சமையலை, அன்று ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். சாயங்காலம் டப்பாவைக் கழுவாமலே வீட்டுக்குக் கொண்டு போனான்.