கலந்து போன பொத்தான்கள்

"மறுபடியும் எல்லாம் கலந்து கிடக்கு. பின் அறைக்குப் போய் நிறம் நிறமாப் பிரிச்சு வை, போ!"

பொத்தான் பெட்டியை யாரெட்சியின் கையில் திணித்தாள் தோன்யா எர்லிந்தா, முதலாளியின் மனைவி. அந்த ஊரில் மரியாதைக்கு அம்மாவைத் 'தோன்யா', ஐயாவைத் 'தோன்' என்பார்கள்.

யாரெட்சிக்கு ஏழு மாச வயிறு, வீங்கின கால். நூலும் லேஸும் விற்கிற அந்த மெக்சிகோ நாட்டுப் புவெப்லா நகரக் கடையில் வேலைக்காரி உட்கார்ந்தால் முதலாளி கசிமிரோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வேலை போனால் அதோடு வருகிற காப்பீடும் பிரசவ ஆஸ்பத்திரியும் போச்சு. இந்த லட்சணத்தில் தினமும் இந்த அம்மாவின் பொத்தான் வேறு!

"நேத்துதானே பிரிச்சேன் தோன்யா?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை."

பின் அறையில் துணி மூட்டை மேல் சாய்ந்து, திட்டிக்கொண்டே பிரித்தாள் யாரெட்சி.

அந்த மாதம் சட்டம் வந்தது. கடையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி போட வேண்டும். கசிமிரோ அரசாங்கத்தைச் சபித்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார்.

யாரெட்சி மகாராணி மாதிரி அமர்ந்தாள்.

"இனிமே பொத்தானுக்கு வேற ஆளைப் பாருங்க தோன்யா. சட்டமே என் பக்கம்!"

"திமிரைப் பாரு!" என்ற எர்லிந்தா ஏனோ சிரித்தாள்.

அதற்கப்புறம் பெட்டியில் ஒரு பொத்தான்கூடக் கலக்கவில்லை. வெள்ளை வெள்ளையோடு, கறுப்பு கறுப்போடு.

அந்த வாரக் கடைசியில்தான் யாரெட்சிக்கு உறைத்தது.

"தோன்யா... நீங்களேவா கலக்கி வச்சீங்க?"

"கத்தாதேடி. உன்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்க அந்த மனுஷன்கிட்ட வேற என்ன காரணம் சொல்றது?"

கவுன்டரைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள் எர்லிந்தா. கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாய் முடிச்சிட்டிருந்தன. யாரெட்சி இத்தனை நாள் அதைப் பார்த்ததே இல்லை.

"நீங்க இதிலே உட்காருங்களேன்."

"நான் என்ன சம்பளக்காரியா? முதலாளி பெண்டாட்டிக்கு எந்தச் சட்டம் நாற்காலி போட்டுச்சு? அவர் பார்த்தா, 'உனக்கென்ன கேடு?'ன்னுவார்."

யாரெட்சி மெல்ல எழுந்தாள். பெட்டியைத் திறந்தாள். இரண்டு கையையும் உள்ளே விட்டு ஒரு கலக்குக் கலக்கினாள்.

"தோன் கசிமிரோ!" குரல் தெருவுக்கே கேட்டது. "பொத்தானெல்லாம் கலந்து போச்சு. எனக்கு நிறம் பிடிபடலை. தோன்யா உட்கார்ந்து பிரிச்சாத்தான் ஆகும்!"