மூன்றே நகர்த்தலில்

மஹய்யாவ வீட்டின் தகரக் கூரையில் மாலை மழை தட்டுகிறது. மதியம் மனைவி பஸ்லினா சதுரங்கத்தில் ஐந்து நகர்த்தலில் தன்னைச் செக்மேட் செய்யத் தொடங்கிய நிலையை முனாஸ் கணினியில் அடுக்குகிறான். கூடவிருந்து பார்த்த உம்மா, பக்கத்து வீடுவரை போய் மருமகளைப் புகழ்ந்தது இன்னும் அவன் காதைச் சுடுகிறது. இதைவிடக் குறுகிய வழி இருந்திருக்க வேண்டும். கணினி யோசிக்கிறது, திரையின் நீல வெளிச்சத்தில் அவன் விரல்கள் மேசையைத் தட்டுகின்றன. விடை வந்ததும் முகம் மலர்கிறது. “பஸ்லினா, இங்க பாரு. மூணுலயே முடிச்சிருக்கலாம். ஒனக்கு வெளங்கல்ல.” அவள் பால் சேர்க்காத பிளேன்டீயைச் சூடாக அவனருகே வைக்கிறாள். “வெளங்கின. உம்மா பாத்துக்கிட்டு ஈந்தாங்களே. அவங்கட முன்னுக்கு நீங்க மூணுலயே கெதியா தோக்க வாணாமெண்டுதான் அஞ்சு வரைக்கும் இழுத்த.” உள்ளேயிருந்து உம்மா அவளைக் கூப்பிடுகிறார். அவள் போகிறாள். பிளேன்டீ ஆறுகிறது, அவன் அதைத் தொடவில்லை.