யாருக்கு அந்த ஆர்டர்?

அறிவழகன் பால் டம்ளருடன் அறைக்குள் வந்ததும் ரேவதி சட்டென்று லேப்டாப்பை மூடினாள். போனில் யாரிடமோ, "அப்புறம் கூப்பிடறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்தும் விட்டாள்.

அவன் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, எதிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த குள்ளம்மாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனும் மருமகளும் பெங்களூரிலிருந்து அதியமான்கோட்டைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மருமகளுக்கு ஆறாவது மாதம். பிரசவம் வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று வந்தவர்கள், பகலெல்லாம் இப்படி ஆளுக்கொரு அறையில் அடைந்து கிடக்கிறார்கள்.

மனசு கேட்காமல் மருமகளிடம் போனாள். "ஏங்கண்ணு, புருசனுக்குத் தெரியாம அப்பிடி என்னாத்த மறைக்கிற? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ அத்தை, சண்டையெல்லாம் இல்லைங்க. நான் வேலை பாக்கறது ஒரு சிப் கம்பெனி. அவரு இருக்கறது எங்களுக்குப் போட்டிக் கம்பெனி. ஆபீஸ் விசயத்த ஒருத்தருக்கொருத்தர் காட்டக் கூடாதுங்க."

"நீ கம்ப்யூட்டர் சிப்பு, அவன் செல்போன் சிப்புன்னுதான கல்யாணத்தப்போ சொன்னீங்க?"

"அப்ப அப்பிடித்தாங்க இருந்துச்சு. போன் சிப்புல வேற கம்பெனிங்க வந்து இவரு கம்பெனி வியாபாரத்தப் புடிச்சிட்டாங்க. அதனால நாங்களும் பெரிய கம்ப்யூட்டருக்கு, அதான் சர்வருக்கு, சிப் செய்யறோம்னு இவங்களும் எங்க பக்கம் வந்துட்டாங்க."

சிரிப்பு அடங்கி, ரேவதியின் முகம் வாடியது.

"இப்ப ஒரே ஒரு பெரிய ஆர்டர் இருக்கு அத்தை. உலகம் பூரா சர்வர் வெச்சிருக்கற ஒரு இன்டர்நெட் கம்பெனி. யாரு சிப்ப வாங்கப் போறாங்கன்னு இன்னிக்குச் சாயங்காலம் சொல்லிடுவாங்க. கிடைக்காத பக்கம் டீமையே மூடிடுவாங்களாம்."

"ஆளுக்குப் பாதி வாங்கிக்கக் கூடாதா கண்ணு?"

"அப்பிடியெல்லாம் வாங்க மாட்டாங்க அத்தை." ரேவதி வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இந்த நெலமைல எனக்கு யாரு புதுசா வேலை குடுப்பாங்க?"

குள்ளம்மாள் மொச்சையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மத்தியானம் மகனும் மருமகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். களியைத் தட்டில் வைத்தபடியே மகனிடம் கேட்டாள். "யாருக்குடா கிடைக்கும் போல இருக்குது?"

"தெரியலம்மா. எங்க டீம்ல இருந்து ரெண்டு பேரு போன மாசம் அந்த இன்டர்நெட் கம்பெனிக்கே வேலைக்குப் போயிட்டாங்க. நம்மாளுங்க உள்ள இருக்காங்க, நமக்குத்தான்னு எல்லாரும் தைரியமா இருக்காங்க."

"எங்க மேனேஜரும் அங்கதான் வேலைக்குப் போயிருக்காரு. எங்காளுங்களும் அதையேதான் சொல்றாங்க" என்றாள் ரேவதி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறிவழகன் தன் தட்டிலிருந்த கறியை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

பொழுது சாயும் நேரம் குள்ளம்மாள் சாமி படத்துக்கு விளக்கேற்றிக் கை கூப்பினாள். மகனுக்கென்று வேண்டினால் மருமகள் வேலை போகும். மருமகளுக்கென்று வேண்டினால் மகன் வீட்டில் உட்கார வேண்டும். ஒன்றுமே கேட்காமல் திருநீறு மட்டும் இட்டுக்கொண்டு திரும்பினாள்.

அறை வாசலில் ரேவதி போனும் கையுமாக நின்றிருந்தாள்.

"இல்லைன்னுட்டாங்க அத்தை. எங்க ஆபீஸ்ல இருந்து இப்பத்தான் சொன்னாங்க. டீமை மூடறாங்களாம்."

குள்ளம்மாள் ஓடிப்போய் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். 'மகன் வேலையாவது தப்பிச்சுதே' என்று அந்த நேரத்திலும் உள்ளே ஒரு மூலையில் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

எதிர் அறைக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

"பொண்டாட்டி இப்பிடி நொந்துபோயி கெடக்கறா, உள்ள என்னடா பண்ற?" என்று குள்ளம்மாள் குரல் கொடுத்தாள்.

"திட்டாதீங்க அத்தை. அவருக்கும் தகவல் வந்திருக்கும். என் எதிர்ல சந்தோசப்பட சங்கடமா இருக்கும், பாவம்."

ரேவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். "வெளிய வாங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நம்ம ரெண்டு பேருல உங்களுக்காவது கெடச்சுதே, எனக்கு அது போதும்."

மறுபடி தட்டினாள்.

கதவு மெல்லத் திறந்தது. அறிவழகனின் கண்கள் சிவந்திருந்தன. அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நம்ம ரெண்டு பேருக்குமே இல்ல ரேவதி. அந்த இன்டர்நெட் கம்பெனி, நம்மகிட்ட இருந்து போனவங்கள வெச்சே சொந்தமா சிப் செஞ்சுக்கறாங்களாம்."