விரிசலுக்குள் கறுப்பு

முப்பது வருஷம் இரும்பு வார்ப்பாலையில் குனிந்த என் முதுகு, அந்தச் சின்ன மேசை அச்சு எந்திரத்தைத் தூக்கி வைத்ததிலேயே விண்விண்ணென்று தெறித்தது. அதைப் பழுதுபார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தவள் என் தம்பி டெல்பர்ட்டின் மனைவி லொரேன்.

"அப்பா மிஷினைக் கீழே போட்டு விரிசல் விட வெச்சவன் எங்கே? என் முகத்துல முழிக்க வெக்கமா?" என்றேன்.

"அவர் போடலைங்க."

"இருபது வருஷமா இதே பொய்! அதுக்குத்தானே அவனோட பேச்சை விட்டேன்."

நான் துருவைச் சுரண்டினேன். ஒட்டவைப்பதற்காக விரிசலை அரத்தால் அகலப்படுத்தியபோது கை நின்றது. உள்ளே ஆழம்வரை, கம்பெனியில் அடித்த கறுப்புப் பெயிண்ட். பெயிண்ட் அடிக்கும் முன்பே இரும்பு விரிசல் விட்டிருக்கிறது. வார்ப்பிலேயே வந்த கோளாறு. யார் கையும் காரணமில்லை.

"லொரேன், அவனைக் கூப்பிடும்மா. இப்பவே."

"போன செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணிட்டோம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவர்தான் வேண்டாம்னார். 'சாகப்போறேன்னு தெரிஞ்சா அண்ணன் இரக்கப்பட்டு நம்பிடுவான். இரும்பைப் பார்த்து நம்பட்டும்'னார்."

எந்திரம் இப்போது நன்றாக ஓடுகிறது. தம்பியிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி நிற்கிறது.