கத்தரிக்கோல் மூட்டிய சண்டை

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி விட்ட குறட்டையை, அவள் போனிலேயே பதிவு செய்தேன். அதை எனக்கு அனுப்பிக்கொள்ளப் போய், அவளுடைய அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். மேலாளர் கைதட்டும் எமோஜி போட்டிருந்தார்.

மூன்று நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள், 'அம்மா வீட்டுக்குப் போகிறேன்' என்று சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை. அவள் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். ஆனாலும் பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள். பல விதமாக மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

மாமியார் அறை வாசலில் வந்து நின்றார்.

"அன்னிக்கே சொன்னேன் மாப்பிள்ளை, வெறும் கத்தரிக்கோலைத் திறந்து மூடி விளையாடாதீங்க, வீட்டுல சண்டை வரும்னு. கேட்டீங்களா?"

"நான் எங்க, அத்தை..." என்று இழுத்தேன். அவர் முறைத்த முறையில், "ஆமா, விளையாடினேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

மனைவியின் கை நின்றது. "எப்பம்மா?"

"ஞாயித்துக்கிழமை காலைல. மதியமே அது வேலையைக் காட்டிடுச்சு பாரு."

"சரியான கிறுக்கு," என்றாள் மனைவி என்னைப் பார்த்து. மூன்று நாள் பட்டினி கிடந்தவனுக்கு அதுவே விருந்து. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. "அந்தக் கத்தரிக்கோலை இவர் கண்ணுல படாம வைம்மா."

சமையலறையில் மாமியாரைத் தனியாகப் பிடித்தேன்.

"அத்தை, நிஜமாவே நான் அதைத் தொட்டேனா? எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. எங்க இருக்கு அது?"

"சாணை பிடிக்கக் குடுத்து பத்து நாளாச்சு," என்றார் மாமியார். "இன்னும் போய் வாங்கல."